வாடையில்லாத எண்ணெய்

எங்கள் ஆலையில் "தொட்டி நல்லா வளருது மேடம்" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் உடனே சாம்பிள் எடுத்துச் சோதிக்க ஓடுவேன். ஊரில் பயிர் செழித்தால் மகிழ்வார்கள். எங்கள் பயிர் வேறு மாதிரி. அது கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட். கடல்பாசிக்கு இருந்த ஒரு குணத்தை எடுத்து அதற்குள் வைத்திருந்தார்கள். அந்தக் குணம் இருக்கும்வரை ஈஸ்ட் உடம்பெல்லாம் எண்ணெய் சேர்த்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மெதுவாகத்தான் இருக்கும். எங்கேயோ ஒன்றிரண்டு அந்தக் குணத்தைத் தொலைத்துவிட்டால், அவற்றுக்குச் சுமை இல்லை. மளமளவென்று பெருகித் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு அப்படி ஒரு செழிப்பு. எண்ணெயில் மட்டும் நமக்கு வேண்டியது இருக்காது. அதனால் செழிப்பைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தை நான் ஆலை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதுதான் பிசகு.

2004இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது மீன் எண்ணெய் ஆலை. கடலூர் ஓ.டி. என்கிற பழைய ஊருக்குத் தெற்கே, ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கும் சாலையில் கடைசிக் கட்டடம். மத்தி எண்ணெயை வாங்கிச் சுத்தம் செய்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஆலப்பாக்கம் தாண்டினால் பஸ்ஸில் எல்லோர் கையும் மூக்குக்குப் போகும். ஒரு நாள் அழுகிய முட்டை நாற்றம் வரும், ஒரு நாள் பழுத்த பலாப்பழ வாசனை வரும். பலாப்பழ நாளில்தான் எனக்கு அதிக பயம், ஏனென்றால் பலா விளையும் பண்ருட்டி அந்தப் பக்கமே இல்லை.

சேர்ந்த வருடத்துக் கடைசியில் சுனாமி வந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் இந்தப் பக்கத்தில் மீன் தின்ன ஆளில்லை. கடல் கொண்டுபோனவர்களை நினைத்துக்கொண்டு யாருக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் முதலாளி மாதா கோயிலுக்குப் போகிறவர், மீன் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று வாழ்ந்தவர். அவரே ஒரு நாள் எண்ணெய் பீப்பாயைத் திறந்து பார்த்துவிட்டு, "போதும்மா, வேற எதாவது செய்வோம்" என்றார். வேறு எதாவது என்பது வந்துசேர அஞ்சாறு வருடம் ஆனது.

விஷயம் இதுதான். இதயத்துக்கும் ரத்தத்துக்கும் நல்லது என்று மீன் எண்ணெயில் தேடுகிற அந்தக் கொழுப்பு அமிலத்தை மீன் செய்வதில்லை. பாசி செய்கிறது, மீன் தின்று சேர்த்துக்கொள்கிறது. அதோடு கடலில் கொட்டிய பாதரசத்தையும் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் சாலையில் ஓடிய கழிவுகளைப் பார்த்திருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கமாட்டீர்கள். ஈஸ்ட்டில் அந்த வம்பு கிடையாது. மூடிய தொட்டி, சர்க்கரைப்பாகு, காற்று. வேண்டிய அமிலம் மட்டும் அதிகமாக, மற்றவை குறைவாக, மீன் எண்ணெயால் எட்ட முடியாத சுத்தத்தில் கிடைக்கும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதல் நல்ல எண்ணெயை முகர்ந்தபோது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஒரு பொருள் தன்னைப் பற்றி எதையுமே சொல்லாமல் இருந்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு மூக்குதான் எல்லாம். சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறப்பதற்கு முன்னால் குனிந்து முகர்வார். "லோ வோல்டேஜ்ல போயிருக்கு" என்பார், இல்லையென்றால் "தண்ணி எறங்கியிருக்கு" என்பார். திறந்தால் அப்படித்தான் இருக்கும். மின்வெட்டு ஜாஸ்தியான வருடங்களில் கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வரிசை கட்டி நின்றன. வியாபாரம் நன்றாக நடந்தது. தெருவே வார்னிஷ் கருகின வாடையில் கிடந்தது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, தலைமுறையாக வடலூர் வள்ளலார் வழி. புலால் கிடையாது, முட்டை போட்ட கேக் கிடையாது. காப்ஸ்யூலின் தோல் மாட்டெலும்பில் செய்வது என்று யாரோ சொன்னதிலிருந்து, அப்பா அதைப் பிரித்துப் பொடியை மட்டும் தேனில் குழைத்துச் சாப்பிடுவார். தோலைச் செம்பருத்திச் செடியோரம் புதைப்பார். அதற்கும் ஓர் அடக்கம்! அப்பேர்ப்பட்டவர் மகள் மீன் எண்ணெய் ஆலைக்குப் போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "வேலதான பாப்பா, திங்கவா சொல்றாங்க?" என்றார். அம்மாதான் கறார். பின்பக்கக் குழாயடியில் குளித்துத் துணி மாற்றாமல் என்னை அடுக்களைப் பக்கம் விடமாட்டாள்.

அப்பாவுக்கு முதல் தடவை வயிற்றுவலி வந்தது கடையில். வாந்தியோடு சுருண்டு கிடந்தவரை ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் ரத்தம் எடுத்த குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீழே சிவப்பாகப் படிந்திருந்தது, மேலே பால். தெளிவாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது. நெய்யும் எண்ணெயும் மட்டும் காரணம் இல்லை, இது வம்சத்தில் வருவது என்றார். ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பு இருந்தால் கணையம் வெந்துவிடும், இன்னொரு தடவை இப்படி வந்தால் உத்தரவாதம் இல்லை என்றார்.

"மாத்திரையோட மீன் எண்ணெயும் எடுத்துக்கணும்."

"அது மட்டும் வேணாங்க" என்றார் அப்பா, ஏதோ இன்னொரு தம்ளர் காபி வேண்டாம் என்பது போல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். உயிர் போகும் என்றேன். "போற உசுருக்காவ இன்னொரு உசுர எடுக்கச் சொல்றியா?" என்றார். ஆனால் மத்தி மீனைவிட அப்பா எனக்கு முக்கியம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதனால்தான் ஈஸ்ட் எண்ணெய் சோதனைகளையெல்லாம் தாண்டி வந்தபோது, ஆலையிலேயே மற்றவர்களைவிட நான் அதிகம் குதித்தேன். முதலாளி தினமும் காலையில் வருகிறவர்கள் எதிரில் ஒரு ஸ்பூன் குடித்துக் காட்டுவார். அப்பாவுக்குக் கொடுக்க அவரும் சம்மதித்தார். டாக்டரிடம் சோதனைத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன், படித்துவிட்டு "குடும்மா, ரத்தத்தைப் பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். மிச்சம் அப்பாதான்.

அப்பா என்னை விசாரணைக்கே உட்காரவைத்தார்.

"எதோட குணத்த எதுல வச்சீங்க?"

"பாசியோட குணத்த ஈஸ்ட்லப்பா."

"நடுவுல மீன் எங்கயும் வரலியே?"

"வரல."

"அந்த ஈஸ்ட்டு உசுரு இல்லியா?"

"நீங்க காலையில தின்ன இட்லி மாவுலயும் அதுமாதிரிதான் இருக்கு. அதுக்கு அழுதீங்களா?"

சிரித்துவிட்டார். பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து வெகுநேரம் முகர்ந்தார். "ஒண்ணுமே இல்லியே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னா சரிதான் பாப்பா" என்று ஒரு ஸ்பூன் குடித்தார். காப்ஸ்யூல் தோல் தொல்லை வேண்டாம் என்று பாட்டிலிலேயே கொடுத்தேன். "பிரிட்ஜ்லதான் வைக்கணும், வெளிய வச்சா கெட்டுடும்" என்று அம்மாவிடம் மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதோடு இன்னொரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்தடுத்த பரிசோதனைகளில் ரத்தம் தெளிந்துகொண்டே வந்தது. டாக்டர் குழாயைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அப்பா கடையில் வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பாசியிலேர்ந்து எண்ணெய் எடுக்குது" என்று பெருமை அடித்தார். "அப்ப குளத்துப் பாசிய மோட்டார் வச்சி எறைச்சிடலாமா மாமா?" என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த ஒரு வருடம் எங்கள் வீடு நிம்மதியாக இருந்தது.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது நான் ஆலையில் இருந்தேன். விடிந்து பார்த்தால் கடலூரில் நின்ற மரமே இல்லை. முந்திரி, பலா, தென்னை எல்லாம் வேரோடு படுத்திருந்தன. கரண்ட் கம்பங்கள் வழி நெடுக முறிந்து கிடந்தன. எங்கள் தொட்டிகளுக்குக் காற்று நின்றுபோனது. தொட்டி போனால் போகட்டும், விதைக் கள்ளை, அதாவது மூல ஈஸ்ட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலாளி கிடந்து தவித்தார். துறைமுகத்தில் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஐஸ் கம்பெனி ஒன்றைப் பிடித்தார். வஞ்சிரம் ஏற்றும் பெட்டியில் ஐஸை நிரப்பி, மீன் செதில் ஒட்டியிருந்த அந்தப் பெட்டிக்குள்தான் மீனே வேண்டாத எங்கள் ஈஸ்ட்டைப் படுக்கவைத்தோம். நான் அதற்குக் காவல்.

சிதம்பரத்துக்குப் போன் கிடைக்கச் சில நாட்கள் ஆயின. வீட்டுக்குச் சேதம் இல்லை, ஓடு மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது, கரண்ட் வர மாசம் ஆகும்போல என்றாள் அம்மா.

"அப்பா எண்ணெய் குடிக்கிறாராம்மா?"

"குடிக்கிறாருடி. பிரிட்ஜ் இல்லாட்டி என்னா, கெடாம நான் பாத்துக்கிறேன். நீ அங்க வேலையப் பாரு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஐஸ்பெட்டி கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முதல்நாள்தான் வீட்டுக்குப் போக முடிந்தது. புதிதாக ஒரு பாட்டிலும் எடுத்துப்போனேன். எங்கள் தெரு திரும்பியதுமே மீன் வாடை அடித்தது. புயலில் காய்கறி இல்லாமல் பக்கத்து வீடுகளில் கருவாடு வறுக்கிறார்கள் போல என்று நினைத்தேன். நடக்க நடக்க வாடை கூடியது. எங்கள் வாசலில் கால் வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. தொழில் முறையில் தெரிந்த வாடை அது.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் தாளிப்புக் கரண்டி. அதில் அப்பாவின் எண்ணெய்.

"யாரும்மா இதக் காய்ச்சச் சொன்னது?"

அம்மா திகைத்துப்போய் நின்றாள். "என்னாடி கேள்வி இது. பிரிட்ஜ் இல்லாதப்ப குழம்ப ரெண்டு வேளையும் சுட வைக்கல? பாலக் காய்ச்சல? காய்ச்சலன்னா கெட்டுடாதா? அப்படியேதான் இதையும் தெனம் காலையில சாயங்காலம் காய்ச்சி ஆறவச்சி ஊத்தறேன்."

எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். பிரிட்ஜ் வருவதற்கு முன்னால் நம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வீட்டைக் காப்பாற்றினார்கள். ஆனால் இந்த அமிலத்துக்குச் சூடு ஆகாது. சூடு பட்டால் உடையும், உடைந்தால் மீன் வாடை அடிக்கும். மீனின் வாடை என்று நாம் சொல்வதில் பாதி மீனுடையதே இல்லை, அதற்குள் இருக்கும் இதே அமிலம் உடைகிற வாடைதான். அத்தனை நாளும் அப்பா குடித்தது ஒன்றுக்கும் உதவாத எண்ணெய்.

அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். முடிந்ததும், "மீன்னு சொல்லியே குடுத்திருக்கலாம் பாப்பா" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அறிவாளி அல்லவா, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். புது பாட்டிலைத் திறந்து அவர் மூக்கின் கீழ் வைத்தேன். வாடை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் கண்ணெதிரே சுத்தமான கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க மீன் வாடை பரவியது.

"பாத்தீங்களா? மீனே இல்லாம வாடை வருது பாருங்க!"

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எரிஞ்சாதான் பாப்பா உள்ள என்னா இருக்குன்னு தெரியும். காலம் பூரா அதான என் தொழிலு."

அவர் முறையில் பார்த்தால் அது அசைக்க முடியாத சாட்சி, அதை அடுப்பு மூட்டிக் காட்டியதும் நான்தான்.

"மீன் இல்லப்பா. சத்தியமா இல்ல. உங்க தலையில அடிச்சி..."

"சத்தியம்லாம் பண்ணாத" என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். குரல் உயரவில்லை. பாட்டில் மூடியை இறுக்கித் திருகி என்னிடமே கொடுத்தார். கரண்ட் வரும்வரை அதை ஐஸில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், திரும்பத் திரும்பச் சத்தியம் செய்தேன், ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். புயலில் நனைந்த மோட்டார்கள் கடை முழுக்கக் குவிந்திருந்தன. ஓய்வில்லாமல் வேலை செய்தார், கிடைத்த இடத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டார். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆனது, முகத்தில் ஒரு பளபளப்பு வந்தது. தைப்பூசத்தன்று வெள்ளை வேட்டியில் வடலூருக்குக் கிளம்பி நின்றவரைப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா, "மாமா மாப்பிள கணக்கா இருக்காரே" என்றாள். நானும் சிரித்தேன். தொட்டி நன்றாக வளர்கிறது என்று என்னிடம் சொல்லப்பட்டது, எனக்கு அது கேட்கவில்லை.

திரை விலக்கிச் சோதி பார்த்துவிட்டு, அங்கே போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு அம்மாவும் அவரும் திரும்பி வருகையில், பஸ்ஸிலேயே வலி பிடித்துக்கொண்டது. நேராகச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டு அம்மா எனக்குப் போன் செய்தாள். நான் போனபோது லேப் பையன் ரத்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே வெள்ளை தெரிந்தது. கணையம் தன்னையே செரிக்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். அதற்கப்புறம் அப்பா என்னிடம் பேசும் நிலைக்கு வரவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அம்மா பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையில் அந்தத் தாளிப்புக் கரண்டி இருந்தது.

"வாடை வந்த அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சிடுச்சிடி" என்றாள். "மீன்தான்னாரு. தூக்கிப் போட்டுடறேன்னு சொன்னேன். வேணாம், புள்ள எனக்காவ பயந்துகினு குடுத்திருக்கு, குடிக்கலன்னு தெரிஞ்சா உடைஞ்சி போயிடும்னாரு. தெனம் மூக்கப் புடிச்சிகினு குடிப்பாரு. குடிச்சிட்டு சாமி வெளக்குகிட்ட போயி நிப்பாரு."

பிறந்ததிலிருந்து புலால் தொடாத மனுஷன், மீன் என்று நம்பிக்கொண்டே எனக்காகக் குடித்திருக்கிறார்.

"அப்பறம் ஏம்மா நிறுத்துனாரு?"

"நீ வந்து சத்தியம் பண்ணியே, அதுலதான். நான் தெனம் குடிச்சா புள்ள தெனம் பொய்ச் சத்தியம் பண்ணும், அந்தப் பாவம் அது தலையில ஏறும்னாரு. பூசத்தன்னிக்கு பஸ்ல வரும்போது, வலி வர்றதுக்கு முன்னாடி கூடச் சொன்னாரு. ஆமாம்பா மீன்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடிச்சிகினே இருந்திருப்பேன்னு."

நான் கொண்டுவந்த பாட்டில் பிரிட்ஜில் அப்படியே இருந்தது. வேலை செய்யக்கூடிய, நல்ல, சுத்தமான எண்ணெய். அவர் உயிருக்கும் அதற்கும் நடுவில் நின்றது என் உண்மை ஒன்றுதான்.

கரண்டியை அம்மாவிடமிருந்து வாங்கி நான் தேய்க்க ஆரம்பித்தேன். "ஆமாம்பா" என்று வாய்விட்டே சொன்னேன், "மீன்தான்."

அம்மாவின் கை நின்றது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப மீன்தானாடி?" என்று கேட்டாள்.